யோபின் வேலையாட்கள்

2019 செப்டம்பர் 1 அன்று டோரியன் புயல் பகாமாஸ் நாட்டின் அபாகோ தீவுகளுள் ஒன்றான எல்போ கேயில் கரையேறியது. காற்று மணிக்கு ஏறத்தாழ 295 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. அட்லாண்டிக்கில் கரையைத் தாக்கிய புயல்களில் இவ்வளவு வலியவை மிகச் சில. அபாகோவின் முதன்மை ஊரான மார்ஷ் ஹார்பருக்குள் கடல் ஆறு மீட்டர் அளவுக்கு ஏறி வந்தது. அடுத்து கிராண்ட் பகாமா தீவின்மீது புயல் ஒரு நாளுக்கும் மேலாக நகராமல் நின்றது. மொத்தச் சேதம் 340 கோடி டாலர் என்று கணக்கிடப்பட்டது. அது அந்தச் சிறிய நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் கால்பங்கு. எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததாக அறிவிக்கப்பட்டது. இருநூறுக்கும் மேற்பட்டோரைக் காணவில்லை என்று பதிவானது.

காணாமல் போனோரில் பலருக்கு எந்த அரசுப் பதிவேட்டிலும் பெயர் இல்லை. அவர்கள் ஹைட்டியிலிருந்து பிழைக்க வந்தவர்கள், அல்லது அப்படி வந்தவர்களின் பிள்ளைகள். விடுதி அறைகளைத் துடைத்தவர்களும், விரிப்புகளைத் துவைத்தவர்களும், வெளிநாட்டுச் செல்வர்களின் கடலோர மாளிகைகளில் புல்வெட்டியவர்களும், சுவர் எழுப்பியவர்களும் அவர்களில் உண்டு. மார்ஷ் ஹார்பரின் நடுவிலேயே ‘தி மட்’, ‘பிஜன் பீஸ்’ என்ற இரண்டு தாழ்ந்த பகுதிகளில் ஒட்டுப்பலகையாலும் தகரத்தாலும் கட்டிய வீடுகளில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். காலையில் படகேறி எல்போ கேக்கும் கிரேட் குவானா கேக்கும் வேலைக்குப் போய், மாலையில் திரும்பி வருவார்கள். புயல் கடந்தபின் அந்த இரண்டு குடியிருப்புகளும் பலகைக் குவியலாகக் கிடந்தன.

கடவுள் நல்லவராகவும் வல்லவராகவும் இருக்க இது எப்படி நேர்ந்தது என்பது சமயங்களின் பழைய கேள்வி. ஆனால் அபாகோவில் அதைக் கேட்பதற்கு முன் இன்னொன்றைக் கேட்டாக வேண்டியிருக்கிறது: இந்தத் துன்பத்தில் கடவுளின் கணக்கில் எழுதக்கூடியது எவ்வளவு, மனிதரின் கணக்கில் எழுத வேண்டியது எவ்வளவு?

ஐரோப்பியத் தத்துவத்தில் இந்தக் கேள்வி கூர்மையடைந்தது லிஸ்பன் நிலநடுக்கத்துக்குப் பிறகு. 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாள். மக்கள் கோயில்களில் கூடியிருந்த காலை நேரம். இருக்கக்கூடிய உலகங்களில் இதுவே மிகச் சிறந்தது என்று லைப்னிட்ஸ் 1710-இல் வாதிட்டிருந்தார். இடிந்த லிஸ்பனைக் காட்டி, அந்த நம்பிக்கைக்கு இனி என்ன பொருள் என்று வால்டேர் ஒரு நெடுங்கவிதையில் கேட்டார். 1756 ஆகஸ்டில் ரூசோ அவருக்கு எழுதிய கடிதம் வாதத்தை வேறு பக்கம் திருப்பியது. ஆறு, ஏழு மாடி உயரத்தில் இருபதாயிரம் வீடுகளை ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டியது இயற்கை இல்லை என்றார் அவர். துணிக்கும் பத்திரத்துக்கும் பணத்துக்கும் திரும்ப ஓடியதால் எத்தனை பேர் மாண்டார்கள் என்றும் கேட்டார்.

ரூசோவின் வாதத்தில் முதல் பாதி அபாகோவுக்கு அப்படியே பொருந்துகிறது. பகாமாஸின் கட்டட விதிகள் கரீபியப் பகுதியில் கடுமையானவை என்று பெயர் பெற்றவை. அந்த விதிப்படி கட்டிய வீடுகளும் டோரியனில் சிதைந்தன. ஆனாலும் அவற்றுக்குள் ஒதுங்கியவருக்கு உயிர்பிழைக்கும் வாய்ப்பாவது இருந்தது. பலகை வீட்டில் இருந்தவருக்கு அது இல்லை. இந்த வேறுபாட்டைக் காற்று உண்டாக்கவில்லை. நிலப்பட்டா வாங்க முடியாத கூலியும், எந்த நேரமும் பறிபோகக்கூடிய குடியேற்ற நிலையும் பல பத்தாண்டுகளாக அதை உண்டாக்கி வைத்திருந்தன. பகாமாஸில் வெளிநாட்டவருக்கான வேலை அனுமதிக்கு விண்ணப்பிப்பவர் முதலாளி. அனுமதியும் அந்த முதலாளியிடம் செய்யும் வேலைக்கு மட்டுமே செல்லும். வேலை போனால் நாட்டில் இருக்கும் உரிமையும் ஆட்டம் காணும். 1973-ஆம் ஆண்டின் அரசியலமைப்புப்படி, வெளிநாட்டுப் பெற்றோருக்குப் பகாமாஸிலேயே பிறந்த குழந்தை பிறப்பால் குடிமகன் ஆவதில்லை. பதினெட்டு வயது நிறைந்தபின் ஓராண்டுக்குள் விண்ணப்பித்துத்தான் குடியுரிமை கோர முடியும். தான் பிறந்த ஊரிலேயே பதினெட்டு ஆண்டு அந்நியராக வளர்ந்தவர்கள் தி மட்டில் நிறைய இருந்தார்கள்.

ரூசோவின் இரண்டாம் பாதியை எச்சரிக்கையோடு கையாள வேண்டும். திரும்ப ஓடியவர்களே தங்கள் சாவைத் தேடிக்கொண்டார்கள் என்ற தொனி அதில் இருக்கிறது. அபாகோவிலும் அது கேட்டது: வெளியேறச் சொல்லியும் ஏன் அங்கேயே இருந்தார்கள்? அதிகாரிகளின் பார்வையில் படும் இடத்துக்குப் போனால் நாடுகடத்தப்படலாம் என்ற அச்சம் உள்ளவருக்குப் புகலிடமும் ஆபத்தான இடம்தான். ஆண்டுக்கணக்காகச் சேர்த்த தாள்களும் ரசீதுகளும் அவர் அந்த நாட்டில் இருந்ததற்கான ஒரே சான்று. அவற்றைக் காக்க நின்றவரைப் பேராசைக்காரர் என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. தேர்ந்தெடுத்து ஓரிடத்தில் நிற்பதும், வேறு வழியின்றி அங்கே நிறுத்தப்படுவதும் ஒன்றாகா. ரூசோவின் கடிதம் அந்தப் பிரிவைச் செய்யவில்லை.

அமெரிக்க அரசியல் சிந்தனையாளர் ஜூடித் ஷ்க்லார் 1990-இல் வெளிவந்த தம் நூலில் அதைச் செய்தார். துரதிர்ஷ்டத்துக்கும் அநீதிக்கும் இடையிலான கோடு இயற்கையிலேயே போடப்பட்டதன்று. அதைப் போடுபவர்கள் பெரும்பாலும் அதனால் பாதிக்கப்படாதவர்கள் என்பது அவர் கருத்து. இயற்கையால் வந்த கேட்டிலும், தடுக்கக்கூடியதைத் தடுக்காமல் விட்டவரின் பங்கு இருக்கிறது. ஆகவே எது அநீதி என்று முடிவு செய்யும்போது, அடிபட்டவரின் குரலை முதலில் கேட்கச் சொல்கிறார். சமயச் சிந்தனைக்கும் இது நல்ல தொடக்கம். கடவுள்மீது பழி போடுவதும், கடவுளைக் காக்க வாதாடுவதும் சில வேளைகளில் ஒரே காரியத்தைச் செய்துவிடுகின்றன. இரண்டிலும் மனிதர் செய்தது பேச்சிலிருந்து விலகிப் போகிறது.

வெள்ளத்தையும் விருந்தோம்பலையும் சேர்த்துச் சொல்லும் பழங்கதைகள் பல பண்பாடுகளில் உண்டு. ரோமக் கவிஞர் ஓவிடின் காவியத்தில் இரண்டு தேவர்கள் ஏழை வழிப்போக்கர் வேடத்தில் வருகிறார்கள். ஆயிரம் வீடுகள் கதவடைக்கின்றன. பிலேமோன், பௌசிஸ் என்னும் முதிய தம்பதியர் மட்டும் தங்கள் கூரைக் குடிசையில் இடம் கொடுத்து, உள்ளதைச் சமைத்துப் போடுகிறார்கள். பிறகு ஊரை வெள்ளம் மூடுகிறது. குடிசை மட்டும் தப்பிக் கோயிலாகிறது. எபிரேய மரபில் சோதோம் நகரம் அழிந்த கதைக்கும் இத்தகைய விளக்கம் இருக்கிறது. தின்று கொழுத்துச் சுகமாக இருந்தும் ஏழையின் கையைத் தாங்கிப் பிடிக்காததே அந்நகரின் குற்றம் என்கிறார் எசேக்கியேல் தீர்க்கதரிசி. இக்கதைகளின் உலகில் அழிவுக்குக் கண் இருக்கிறது. யார் உபசரித்தார், யார் விரட்டினார் என்று அது பார்க்கிறது.

அபாகோவில் இது தலைகீழாக நடந்தது. வந்தவர்களுக்குப் படுக்கை விரித்துப் பாத்திரம் கழுவியவர்களின் குடிசைகள்தான் முதலில் போயின. புயலைத் தெய்வத் தண்டனையாகப் படிக்க முனையும் எந்த விளக்கமும் இந்த இடத்தில் உடைகிறது. ஆயினும் அப்படிப் படிப்பவர்கள் இல்லாமல் போவதில்லை. பெரும் புயல் ஒவ்வொன்றின் பின்னும் எங்காவது ஒரு மேடையிலிருந்து, அந்த மக்களின் பாவத்துக்குக் கிடைத்த கூலி இது என்ற பேச்சு எழுகிறது. ஹைட்டி மக்கள் இதை 2010-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தின்போதே கேட்டுவிட்டார்கள். செத்தவர்மேல் குற்றம் சுமத்தும் இந்தப் பேச்சு இறைநம்பிக்கையின் வடிவமாகாது; அது கொடுமை.

விடுதியில் நடக்கும் உபசரிப்பு விருந்தோம்பலா என்பதே ஒரு கேள்விதான். பழைய மரபுகளில் விருந்தளிப்பவர் வீட்டுக்கு உரியவர். மம்ரேயில் ஆபிரகாம் தன் கூடாரத்தின் வாசலிலிருந்து ஓடிப்போய் மூன்று அந்நியரை அழைக்கிறார். விருந்தாளியைத் தெய்வமாகக் கொள்ளச் சொல்லும் தைத்திரீய உபநிடதம், கல்வி முடித்து இல்லறத்துக்குத் திரும்பும் மாணவனிடம் அதைச் சொல்கிறது. திருக்குறளும் விருந்தோம்பலை இல்லறவியலில்தான் வைக்கிறது. இங்கெல்லாம் கொடுப்பவருக்கு ஒரு வீடு இருக்கிறது. உபசரிப்பு அவருடைய பெருமையாகவும் அமைகிறது. ரிசார்ட்டில் வீட்டுக்காரர் வேறொருவர். பெரும்பாலும் அவர் அங்கே இருப்பதும் இல்லை. வரவேற்கும் முகம் கூலிக்கு வந்த முகம். அந்த முகத்தின் சிரிப்பும் வேலையின் ஒரு பகுதி என்று சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஷீல்ட் 1983-இல் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து காட்டினார். உணர்வையே உழைப்பாக விற்க வேண்டியிருக்கும்போது, தன் சொந்த உணர்விலிருந்தே தொழிலாளி விலகிப் போக நேர்கிறது என்றார்.

கூலி வாங்குவதால் உபசரிப்பு பொய்யாகிவிடும் என்று முடிவு கட்டுவது அவசரம். ஒடிசியில், பிச்சைக்காரன் வேடத்தில் வரும் ஒடிசியூஸை முதலில் வரவேற்பவன் யூமேயஸ் என்ற பன்றி மேய்ப்பவன். அவன் அடிமை. தன்னுடையது என்று அவனுக்கு இருந்தது மிகக் கொஞ்சம். அதை முழுமனதோடு பகிர்கிறான். அரண்மனையில் உட்கார்ந்து உண்ணும் உயர்குடியினரோ அந்தப் பிச்சைக்காரனை அவமதிக்கிறார்கள். விருந்தோம்பும் குணத்துக்குச் சொத்துரிமை தேவையில்லை என்பதை ஹோமர் அறிந்திருந்தார். அறை துடைக்கும் பெண், காய்ச்சலில் படுத்த விருந்தாளிக்குக் கஞ்சி வாங்கிவந்து கொடுத்தால் அந்தச் செயல் ஒப்பந்தத்தில் இல்லை. சம்பளமும் அதற்கு ஈடாகாது. விலையுள்ளதற்கு மாற்றாக வேறொன்றை வைக்கலாம், மதிப்புள்ளதற்கு மாற்று கிடையாது என்று காண்ட் 1785-இல் பிரித்துக் காட்டினார். கூலி அவளுடைய நேரத்தின் விலை. அவள் பரிவுக்கு விலை கொடுக்கப்படாததால், அது வாங்கியவர்மீது கடனாகவே நிற்கிறது.

அந்தக் கடனை யார், எப்படித் தீர்ப்பது? சமய நூல்கள் இதில் வியப்பூட்டும் அளவுக்கு நடைமுறைத் தெளிவு உள்ளவை. உபாகமம் ஏழைக் கூலியாளின் கூலியை அன்றைய பொழுது சாயும் முன்னரே கொடுக்கச் சொல்கிறது. அவன் சொந்த இனத்தானாக இருந்தாலும் அந்நியனாக இருந்தாலும் விதி ஒன்றே. நபிமொழி ஒன்று, உழைத்தவரின் வியர்வை உலர்வதற்குள் ஊதியத்தைக் கொடுத்துவிடச் சொல்கிறது. யாக்கோபு நிருபத்தில், பிடித்து வைக்கப்பட்ட கூலியே வாய்விட்டுக் கதறுகிறது. இந்த மூன்றும் கூலியைத் தானமாக நினைக்கவில்லை. முதல் இரண்டும் பொழுது, வியர்வை என்று நேரக் கெடு வைக்கின்றன. ஏனெனில் தினக்கூலி வாங்குபவருக்குத் தாமதமே பட்டினி. புயலுக்குப் பின் மாதக்கணக்காக விடுதி மூடிக் கிடக்கும் ஊரில் இதன் பொருள் இன்னும் அழுத்தம் பெறுகிறது. அபாகோவில் வேலை இழந்தவர்கள் ஹைட்டியர் மட்டுமல்லர். பகாமாஸ் குடிமக்களும் தலைநகர் நாசாவின் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் ஒண்டிக்கொண்டார்கள். ஆனால் குடிமகனுக்கு வேலை மட்டுமே போயிற்று. வேலை அனுமதியில் இருந்தவருக்கு நாட்டில் கால் வைக்கும் உரிமையும் சேர்ந்து போனது.

அரசு முதலில், புயல் பாதித்த இடங்களில் குடியேற்றச் சோதனைகளை நிறுத்தி வைப்பதாகச் சொன்னது. சில வாரங்களிலேயே நாடுகடத்தல் மீண்டும் தொடங்கியது. அக்டோபரில் நூற்றுக்கும் மேற்பட்ட ஹைட்டியர் திருப்பி அனுப்பப்பட்டபோது ஐ.நா. மனித உரிமை அலுவலகம் கவலை தெரிவித்தது. அப்போது ஹைட்டியில் போராட்டங்களால் சாலைகளும் பள்ளிகளும் வாரக்கணக்காக அடைபட்டிருந்தன. தி மட் இருந்த இடத்தில் மீண்டும் வீடு கட்டக் கூடாது என்று ஆணை வந்தது. இயந்திரங்கள் வந்து நிலத்தைத் துப்புரவாக்கின. இந்தக் குடியிருப்புகளை அகற்றப் புயலுக்கு முன்பே அரசு கெடு விதித்திருந்தது.  அரசு செய்ய நினைத்த வேலையைப் புயல் செய்து முடித்தது.

ஒரு சிறிய நாடு தன் எல்லைகளைக் காக்கும் உரிமையை மறுக்க வேண்டியதில்லை. காண்டும் மறுக்கவில்லை. 1795-இல் எழுதிய நிலையான அமைதி பற்றிய நூலில் அவர் அந்நியருக்குத் தருவது மிகக் குறுகிய உரிமை: வந்த இடத்தில் பகையாக நடத்தப்படாதிருக்கும் உரிமை. அதையும் அவர் ஈகை என்று சொல்லவில்லை, உரிமை என்றே சொன்னார். வந்தவரைத் திருப்பி அனுப்பலாம். ஆனால் அது அவரை அழிவில் தள்ளாதபோது மட்டும். இந்தக் குறைந்தபட்ச அளவுகோலிலும், வீடும் உறவினரும் கடலோடு போன சில வாரங்களில் ஒருவரைக் கொந்தளிக்கும் நாட்டுக்கு அனுப்புவது தேறாது. பகாமாஸ் அரசியலமைப்பின் முகவுரை கிறித்தவ விழுமியங்களின்மீது நீங்காத மதிப்பை அறிவிக்கிறது. எகிப்தில் அந்நியராக இருந்ததை நினைவில் வைத்து, உங்களிடையே தங்கும் அந்நியரை உங்களைப் போலவே நேசியுங்கள் என்ற லேவியராகமக் கட்டளை அந்த விழுமியங்களில் ஓரமான ஒன்றில்லை. அபாகோவின் மக்களில் பலர், 1783 முதல் அமெரிக்காவிலிருந்து வந்த பிரிட்டிஷ் அரச விசுவாசிகளின் வழியினர், அல்லது அவர்கள் கொண்டுவந்த அடிமைகளின் வழியினர். அகதிகளும் கட்டிக் கொண்டுவரப்பட்டவர்களும் குடியேறிய தீவு அது.

பேரிடருக்குப் பின் கடவுளின் பெயர் இரண்டு இடங்களில் ஒலிக்கிறது. ஒன்று ஒப்பந்தங்களில். ஆங்கிலேய மரபில் வந்த சட்டம் மனிதர் தடுக்க முடியாத நிகழ்வைத் தெய்வச் செயல் என்கிறது; அதைக் காட்டி ஒப்பந்தக் கடமைகளிலிருந்து ஒருவர் விடுபட முடிகிறது. மற்றொன்று, எல்லாம் இழந்தவரின் வாயில். நாளைக்கு என்ன செய்வாய் என்று கேட்டால், கடவுள் சித்தமானால் என்று தொடங்கிப் பதில் சொல்வது ஹைட்டி மக்களின் வழக்கம். வெளியிலிருந்து பார்க்கும் சிலர் இதை விதிக்கு அடங்கிப்போகும் மனநிலை என்று எழுதியிருக்கிறார்கள். அது பிழையான வாசிப்பு. கடவுள் சித்தமானால் என்று சொல்பவர் மறுநாள் காலையில் எழுந்து ஆணி பொறுக்கிக் கூரை போடுகிறார், பிள்ளைக்குப் பள்ளி தேடுகிறார், ஊரில் இருக்கும் தாய்க்குப் பணம் அனுப்ப வழி பார்க்கிறார். அவருடைய நம்பிக்கை அவரை எந்தக் கடமையிலிருந்தும் விடுவிக்கவில்லை. ஒப்பந்தத்தில் வரும் தெய்வச் செயலோ கடமையிலிருந்து விடுவிப்பதற்கென்றே எழுதப்பட்டது. இறையியல் நோக்கில் இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைக்க இயலாது.

துன்பத்தின் ஒரு வகையை பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வேய் தனித்துப் பிரித்தார். 1934-35-இல் பாரிஸ் தொழிற்சாலைகளில் கூலியாக உழைத்தபின் அவர் எழுதியவற்றில் இந்தச் சிந்தனை வளர்ந்தது. உடல் வலி, மன வேதனை, சமூக இழிவு மூன்றும் சேர்ந்து ஒருவரை அழுத்தும்போது, அவர் தன் கண்ணிலேயே பொருளாகிப் போகிறார். மற்றவர் கண்ணுக்கோ தென்படாமல் போகிறார். அப்படிப்பட்டவரை நோக்கி, உனக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கவும், பதிலைக் கவனித்துக் கேட்கவும் முடிவதே அயலாரிடம் கொள்ளும் அன்பு என்றார். விடுதித் தொழில் இதற்கு நேர் எதிரான ஒழுங்கின்மேல் நிற்கிறது. விருந்தாளி கடற்கரைக்குப் போன நேரத்தில் அறை தானே துப்புரவானது போலத் தோன்ற வேண்டும். துடைத்தவர் கண்ணில் படாமல் இருப்பதே நல்ல சேவை. இந்தப் பழக்கம் இறப்பிலும் தொடர்ந்தது. அபாகோவில் மீட்கப்பட்ட உடல்களில் பல, யாருடையவை என்று தெரியாமல் மாதக்கணக்காகக் குளிரூட்டிய கொள்கலனில் கிடந்தன. தேடி வந்தால் தாங்களே பிடிபடுவோம் என்று உறவினர் அஞ்சினர். 2020 மே மாதத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட உடல்கள் அடையாளம் தெரியாமலேயே ஒன்றாக அடக்கம் செய்யப்பட்டன.

மனிதர் செய்ததையெல்லாம் கழித்த பின்னும் ஏதோ மிஞ்சுகிறது. வலுவான சுவருக்குள் இருந்தவரும் இறந்தார். பாவம் எதுவும் அறியாத குழந்தைகளும் இறந்தார்கள். கடல் ஏன் அவ்வளவு ஏறியது என்பதற்கு வெப்பமடையும் கடல்நீரைக் காட்டி ஓரளவு விடை சொல்லலாம். அங்கும், வெப்பத்தைக் கூட்டியவர்களில் தி மட் வாசிகளின் பங்கு அநேகமாக ஒன்றுமில்லை. அதற்கப்பால் உள்ளதற்கு விடை சொன்னவர் யாரும் இல்லை. குற்றமின்றித் துன்புற்ற ஒருவரைப் பற்றிய விவிலியத்தின் யோபு நூலும் சொல்லவில்லை. அங்கே கடவுள், காரணம் கற்பித்த நண்பர்களைக் கடிந்துகொள்கிறார். முறையிட்ட யோபையே சரியாகப் பேசியவன் என்கிறார்.

அந்த நூலின் முதல் அதிகாரத்தில் பெருங்காற்று ஒன்று வனாந்தரத்திலிருந்து வந்து வீட்டின் நான்கு மூலைகளிலும் மோதி, யோபின் பிள்ளைகளைக் கொல்கிறது. அதற்குச் சற்று முன்பே கொள்ளையராலும் வானிலிருந்து விழுந்த நெருப்பாலும் அவருடைய வேலையாட்கள் மாண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் செய்தி சொல்ல ஒரே ஒருவன் தப்பி வருகிறான். நூலின் கடைசியில் யோபுக்கு ஆடு, ஒட்டகம், ஏர்மாடு, கழுதை எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பக் கிடைக்கின்றன. ஏழு மகன்களும் மூன்று மகள்களும் பிறக்கிறார்கள். வேலையாட்களைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. உரையாசிரியர்கள் யோபின் துன்பத்தைப் பற்றி நூற்றாண்டுகளாக எழுதிக் குவித்திருக்கிறார்கள். அந்த வேலையாட்களின் வீடுகளைப் பற்றிப் பேசியவர்கள் அரிது.

ஆனால் யோபு அவர்களை மறந்தவர் என்று சொல்ல முடியாது. முப்பத்தோராம் அதிகாரத்தில் தன்னை எடைபோட்டுப் பார்க்கச் சொல்லிக் கடவுள்முன் கணக்கு வைக்கிறார். வேலைக்காரனோ வேலைக்காரியோ தன்மீது கொண்டுவந்த வழக்கைத் தள்ளியிருந்தால், கடவுள் விசாரிக்க எழும்போது என்ன பதில் சொல்வேன் என்கிறார். தன்னைக் கருவில் உருவாக்கியவரே அவர்களையும் உருவாக்கினார் என்கிறார். வழிப்போக்கன் எவனும் தன் வாசலைத் தாண்டித் தெருவில் இரவைக் கழித்ததில்லை என்றும் அதில் சேர்க்கிறார். தன் நீதியை நிறுவ யோபு எடுத்து வைக்கும் சான்றுகளில் காணிக்கையும் பலியும் இடம்பெறவில்லை. வேலையாளின் வழக்கு இருக்கிறது. அதே கணக்கை அபாகோவின் விடுதி உரிமையாளரிடமும், மாளிகைக்காரரிடமும், அரசிடமும், கடற்கரைக்கு வந்துபோகும் விருந்தாளியிடமும் கேட்கலாம்: மூடிய மாதங்களுக்குக் கூலி கொடுக்கப்பட்டதா, வேலையோடு சேர்ந்து அனுமதியும் பறிபோகாமல் காக்கப்பட்டதா, உடலைக் கேட்டு வந்த உறவினர் பயமில்லாமல் வர முடிந்ததா, மீண்டும் அறை துடைக்க அழைக்கப்பட்டவர் இரவு எங்கே படுக்கிறார் என்று யாராவது விசாரித்தார்களா.